பாசி தின்ன வந்த விருந்தாளி

கையில் இரண்டு காபித் தம்ளர்களோடு கூடத்துக்கு வந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஜன்னலோரம் மீன் தொட்டி. அதற்கு எதிரே பிரம்பு நாற்காலியில் என் மாமனார். பக்கத்தில், அவரைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்திருந்த டிரைவர் அந்தோணிசாமி. ஒரு காலத்தில் அவர் இஞ்சினை ஓட்ட, மாமா அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக நின்று கொடி காட்டினார். இருவரும் ரிட்டயராகி, இப்போது காபிக்குக் காத்திருந்தார்கள்.

மாமா விரலை நீட்டி மீன்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

"அதோ மேல ஓடறான் பாரு, அவன்தான் எக்ஸ்பிரஸ். ஒரு எடத்துல நிக்க மாட்டான். கீழ மூலையில சோம்பிக்கினு கெடக்குது பாரு, அது கூட்ஸு."

டிரைவர் "ஆமாமா, ஆமாமா" என்று தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிருந்தது.

தொட்டியில் மீனே இல்லை.

காலையில்தான் நான் அதைக் கழுவிக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தேன். கிணற்றுத் தண்ணீரின் சில்லிப்பு அடங்கட்டும் என்று மீன்களைப் பின்கட்டில் அண்டாவிலேயே விட்டிருந்தேன். தொட்டியில் தண்ணீரும் கூழாங்கல்லும்தான் இருந்தன. அந்த வெறும் தண்ணீரில் மாமா எக்ஸ்பிரஸையும் கூட்ஸையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தம்ளர் சாய்ந்து காபி சிந்தியது. நல்லவேளையாக, என் புடவை மேல். அவர்கள் சட்டை மேல் இல்லை.

டிரைவர் போகும்போது தெருவாசல் வரை வழியனுப்பப் போனேன். அவர் செருப்பை மாட்டியபடியே, தலை நிமிராமல், "கண்ணைக் காட்டச் சொல்லும்மா, சீக்கிரமா" என்றார். நண்பனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போன அந்த மனிதரை நான் என்றைக்கும் மறந்ததில்லை.

மூர் மார்க்கெட்டில் ஏறிய வண்டிகள்

இந்தத் தொடரைப் படிக்கும் என் மகள், "உன் மாமியாரையே எழுதறியே, தாத்தாவை எப்ப எழுதப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த வாரம் அவள் வாயை அடைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் மாமியாரை முழுதாக ஒதுக்க முடியாது. பார்க்கத்தானே போகிறீர்கள்.

எங்களுக்குத் திண்டிவனத்தில் வீடு. என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஐம்பதுகளின் கடைசி. மாமா அப்போது வேலையில்தான் இருந்தார். விழுப்புரத்துக்கும் மெட்ராஸுக்கும் போய்வந்துகொண்டிருந்த மனிதர். ரிட்டயரான கையோடு மெட்ராஸிலிருந்து எல்லாரும் வேட்டி புடவை வாங்கி வருவார்கள். அவர் மூர் மார்க்கெட்டில் ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தார்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தண்ணீர் கசியாமல் மக்கு வைத்து அடைத்த தொட்டி. இரண்டு ஆள் தூக்க வேண்டும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, இதில் இருக்கிற மீனைக் குழம்பு வைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்டாள். வளர்ப்பதற்கு என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீன்களுக்கு மாமா வைத்த பெயர்கள் எல்லாம் ரயில்வேயில் எடுத்தவை. சிவப்பாய்ப் பறந்துகொண்டே இருப்பது எக்ஸ்பிரஸ். கறுப்பாக, ஒவ்வொரு செடியாக நின்று நின்று போவது பாசஞ்சர். வயிறு பெருத்த தங்க மீன் கூட்ஸ். வந்தவர்களிடமெல்லாம் அவற்றின் குணாதிசயங்களை விளக்குவார். நாளடைவில் அவருக்கு அந்தத் தொட்டி மனப்பாடமாகிவிட்டது. எந்த மீன் எந்த நேரத்தில் எந்த மூலையில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் என்று நாங்கள் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல.

பச்சை பிடித்த கண்ணாடி

தொட்டி முதலில் கூடத்தின் உள்மூலையில்தான் இருந்தது. அங்கே இருந்தவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. பிறகு மாமா, அதை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தச் சொன்னார். கொஞ்ச நாளில் ஜன்னல் கதவையும் திறந்தே வைக்கச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகத் தொட்டியில் விழும்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கண்ணாடியெல்லாம் பாசி. முதலில் மெல்லிசாக ஒரு பச்சை. பிறகு கை வைத்தால் வழுக்கும் பச்சை. அப்புறம் உள்ளே மீன் இருக்கிறதா, கீரை இருக்கிறதா என்று தெரியாத அளவுக்குப் போய்விட்டது.

அதைத் தேய்த்துக் கழுவுவது என் தலையில் விழுந்தது. மீன்களை அண்டாவில் பிடித்துவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்ற வேண்டும். முதுகு போய்விடும். கழுவும்போதெல்லாம் ஏதாவது ஒரு மீன் அதிர்ச்சி தாங்காமல் மல்லாந்துவிடும். மக்கு வேறு பெயர்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நான் ஜன்னலைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், மனதுக்குள் மாமாவையும் திட்டினேன்.

டிரைவர் வந்துபோன அன்றுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் திரை விழ விழ, அவருக்கு வெளிச்சம் போதவில்லை. தொட்டியை ஜன்னலுக்கு நகர்த்தியது அதற்காக. எங்கள் வீட்டில் பாசி பிடித்ததே அவர் கண் மங்கியதால்தான். பாசியைப் பார்த்தோமே தவிர, அது ஏன் வந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வாயால் சொன்னால் நம்ப முடியாது

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் பயந்துவிட்டால் கோபக்காரர் மாதிரி ஆகிவிடுவார். மாமா தினமும் சாயங்காலம் தனியாக ஸ்டேஷனுக்கு நடந்துபோவார். மெட்ராஸ் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே லாரியும் பஸ்ஸும் கண் மண் தெரியாமல் வரும். ஆறு மணி பாசஞ்சர் வந்து நின்று, கார்டு பச்சைக்கொடி காட்டி, வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ரிட்டயரானதிலிருந்து அவருக்கு உயிர் அதில்தான்.

பார்வை இல்லாமல் இத்தனை நாள் அந்த ரோட்டைத் தாண்டியிருக்கிறார் என்று நினைத்ததும் என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து தனியாகப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். மாமா, தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சண்டை போட்டார். மகன் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தான் ஒன்றாம் வகுப்புப் பையன் இல்லை என்றார்.

விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். திரை முற்றிப் பழுத்துவிட்டது, ஒரு கண்ணையாவது ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். வெயில் தணிந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மார்கழியில் நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஆபரேசன் முடிஞ்சி, தெரியுதுன்னு நைனா சொல்லுவாரு. தெரியலன்னாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவாரு. எதை வச்சி அவர ரோட்டாண்ட வுடறது?"



நத்தையும் கெண்டையும்

மாமா ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, இருமக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. கஞ்சிதான். பகலில் நான், ராத்திரியில் அவர் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். காலைப் பாசஞ்சரில் நான் கஞ்சித் தூக்கோடு விழுப்புரம் போவதும் சாயங்காலம் திரும்புவதுமாக நாள் ஓடியது. தொட்டியை யார் கழுவுவது? அது பச்சைச் சுவராகிவிட்டது.

மாமா வீட்டுக்கு வந்து, கட்டு அவிழ்ந்து, முதலில் பார்க்க ஆசைப்படப் போவது அதைத்தான். அது இந்த லட்சணத்தில் இருந்தால் நல்ல கண்ணுக்கே ஒன்றும் தெரியாது. பாசியைத் தானே தின்று தீர்க்கிற ஏதாவது ஒன்றை உள்ளே விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் நத்தை என்றார். வயல் வாய்க்காலிலிருந்து கொண்டுவந்தும் போட்டார். அவை பாசியை விட்டுவிட்டுச் செடியைத் தின்றன. தின்ற சுருக்கில் குடும்பம் பெருக்கின. அத்தனையையும் பொறுக்கி எறிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக் கிணற்றில் கெண்டைக் குஞ்சு விடுவது வழக்கம். தண்ணீரில் புழு பூச்சி அண்டாது. அந்த நம்பிக்கையில் அத்தை, மீன்காரியிடம் சொல்லி உயிரோடு ஒரு குஞ்சு வாங்கி விட்டாள். மீன்காரி கெண்டை என்றுதான் கொடுத்தாள். அது கெண்டை இல்லை, விரால் குஞ்சு. மறுநாள் காலை, செடி மறைவில் இருந்த இரண்டு சின்ன மீன்களைக் காணோம். கூட்ஸின் வாலில் பாதி இல்லை. விராலை அன்று மத்தியானமே அத்தை குழம்பு வைத்து நியாயம் வழங்கினாள்.

இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று நானே உட்கார்ந்து யோசித்தேன். நான் பனமலைப் பக்கத்துப் பெண். ஏரி நிரம்பினால் கலிங்கில் தண்ணீர் வழியும். அங்கே கல்லில் உட்கார்ந்து துணி துவைப்போம். பாசி படர்ந்த கல்லில் சுண்டு விரல் நீளத்தில், மண் நிறத்தில் ஒரு மீன் வாயை வைத்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அசையாது. அது தின்றுவிட்டு நகர்ந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். அதற்கு ஊருக்கு ஒரு பெயர். நாங்கள் கல்லொட்டி என்போம். குழம்புக்கும் ஆகாது, வறுவலுக்கும் ஆகாது. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

எதைப் பொறுக்குவது?

அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் பனமலை போனேன். மறுநாள் விடியலில் நானும் என் தங்கை வசந்தாவும் கலிங்குக்குப் போனோம். குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்ததும் கல்லொட்டிகள் வந்து பாதத்தைக் கொறித்தன. வசந்தா கூச்சத்தில் நெளிந்து பாதி மீனை விரட்டிவிட்டாள். தாவணியை இரண்டு பக்கமும் பிடித்து, அப்படியும் இப்படியும் இழுத்து, ஒரு கை நிறையப் பிடித்துவிட்டோம்.

ஆனால் ஒன்றுதான் வேண்டும். எங்கள் தொட்டிக்கு அதற்கு மேல் தாங்காது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு வெண்கலப் பானையில் விட்டு, பாசி பிடித்த கல் ஒன்றை உள்ளே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பெரியது ஒன்று மற்றவற்றை இடித்துத் தள்ளியது. அது வேண்டாம், கூட்ஸுக்கு மிச்சமிருக்கும் வாலும் போய்விடும். இன்னொன்று பயந்துபோய் அடியிலேயே பதுங்கியது. அதுவும் ஆகாது. வேறொன்று வெளியே குதிப்பதிலேயே குறியாக இருந்தது. எல்லாவற்றிலும் சின்னது ஒன்று, யாரையும் சட்டை செய்யாமல் நேரே கல்லுக்குப் போய் வாயை வைத்தது. நான் விரலை விட்டுக் கலக்கியபோது நகர்ந்தது. விரலை எடுத்ததும் மறுபடி அதே இடம்.

"எங்க மாமியாருக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் ஆவல" என்றேன் வசந்தாவிடம். மற்றவற்றை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தாள் அவள்.

இரண்டு தூக்கு

அம்மா, சம்பந்திக்கு என்று ஒரு தூக்கில் நொய்க் கஞ்சி கொடுத்தாள். இன்னொரு தூக்கில் கல்லொட்டி. மடியில் ஒரு மூட்டை மல்லாட்டை, வேர்க்கடலைதான். பஸ்ஸில் இடித்துப் பிடித்து விழுப்புரம் வந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு தூக்கையும் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தால், நர்ஸம்மா மாமாவுக்குக் கஞ்சி ஊட்ட ஒரு தூக்கைத் திறந்து, கரண்டியை உள்ளே விடப் போகிறாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கல்லொட்டியும் அவளைப் பார்த்தது. கர்த்தரே என்று முணுமுணுத்தபடி மூடியைப் போட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாமாவுக்குக் கண் கட்டியிருந்ததே தவிர, காது திறந்துதான் இருந்தது.

"தூக்குல என்னாம்மா சலசலன்னுது?"

"ரசம் மாமா" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

சொன்ன பிறகுதான் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்த மீன் வருவது மாமாவுக்குத் தெரியாது. தொட்டியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அவர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். இதை மட்டும் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அன்று ராத்திரி டியூட்டிக்கு வந்த என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மாமா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி அத்தையிடமும் சொல்லச் சொன்னார். அதுதான் கஷ்டமான வேலை.

வேலைக்கு வந்தவனுக்குச் சோறு

கல்லொட்டியைத் தொட்டியில் விட்டேன். கண்ணாடியில் போய் ஒட்டியது. நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்கவிட்டு, வெளிச்சம் படாமல் உள்அறையில் இருக்க வேண்டும். கண்ணாடி போட இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. முன்னைவிடப் பச்சை ஏறியது. கல்லொட்டி அடியில் கூழாங்கல் மேல் படுத்துக் கிடந்தது. கொஞ்சம் உப்பியும் இருந்தது. வியாதியோ என்று பயந்துபோனேன்.

ஒரு நாள் மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து வந்து பார்க்கிறேன். அத்தை தொட்டியருகே நின்று, குழைந்த சோற்றை உருட்டி உருட்டி உள்ளே போட்டு, "சாப்புடுடா கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மாமா யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார். கூட்ஸிடம் என்றாள் அத்தை, கொஞ்சமும் தடுமாறாமல்.

விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. காலையில் என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும் முன் இட்லி உதிர்த்துப் போடுகிறார். பால்காரம்மா பொரி போடுகிறாள். அத்தைக்குக் கணக்கே இல்லை. ஆசை ஆசையாகச் சமைத்துப் போடுவதில் சுகம் கண்டவள். புருஷனுக்குக் கஞ்சிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டுவிட்டார். அந்தப் பாசமெல்லாம் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்று வேளையும் விருந்து கிடைக்கும்போது எந்த மீன் பாசியை நக்கும்?

கிணற்றடிக்குக் கூப்பிட்டு அத்தையிடம் பேசினேன்.

"அத்தை, அது பாசி திங்க வந்திருக்குது. சோறு போட்டா பாசிய தொடாது."

"அதுக்காக வூட்டுக்கு வந்தத பட்டினி போடுவியா?"

"அது விருந்துக்கு வரல அத்தை. வேலைக்கு வந்திருக்குது."

"வேலைக்கு வந்தா மட்டும்? மல்லாட்டை புடுங்க வர்ற ஆளுக்கே கேப்பைக் கூழு ஊத்திட்டுதான் கொல்லைக்கு அனுப்புவோம். வெறும் வயித்தோட வேலை வாங்கற குடும்பமா இது?"

அந்த வீட்டுப் பெண்களுக்கு அது நூறு தலைமுறைப் பழக்கம். ஆனால் எனக்கும் பிடிவாதம் உண்டு. மாமா அந்தத் தொட்டியில் இந்த ஒன்றைப் பார்த்தாக வேண்டும், கண்ணாடி சுத்தமாக இருந்தால்தான் அதைப் பார்க்க முடியும் என்று சொன்னேன். அத்தையின் முகம் மாறியது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "அவரு பாத்துட்டா அப்பறம் போடலாமில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

முறத்தைத் தொட்டி மேல் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். மற்ற மீன்களுக்கு நானே ஒரு சிட்டிகை. கல்லொட்டி இரண்டு மூன்று நாள் அடியில் படுத்து வழி பார்த்தது. பிறகு பசி வந்தது. ஒரு காலை பார்த்தால், பச்சைக் கண்ணாடியில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தை பிறந்து பொங்கல் போன கொஞ்ச நாளில் கூடத்திலிருந்தே கூட்ஸின் பாதி வால் தெரிந்தது.

ரயில்காரரைச் சோதிப்பது எப்படி?

கண்ணாடி கொடுக்கும் நாளில் எல்லாருமாக விழுப்புரம் போனோம். வராந்தா பெஞ்சில் மாமாவுக்கு முன்னால் நிறையப் பேர். உள்ளே சுவரில் எழுத்துப் பலகை. ஒவ்வொருவராக உரக்கப் படித்தார்கள். மாமா முறை வந்தது. சோடாப்புட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே மூச்சில் ஒப்பித்தார். கடைசி வரியையும் விடவில்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டு அவர் முதுகைத் தட்டினார்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் சந்தோஷம் வரவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தபோது அத்தனை பேரும் படித்தது எங்களுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் மகன் சோதித்துப் பார்த்தார். எதிர் பிளாட்பாரத்தில் என்ன வண்டி என்றார். பாண்டிச்சேரி வண்டி என்றார் மாமா. சரிதான். ஆனால் அந்த நேரத்துக்கு அங்கே பாண்டிச்சேரி வண்டி நிற்கும் என்பது அவர் தூக்கத்தில்கூடச் சொல்வது. ரயில்காரரை ரயில்வே ஸ்டேஷனில் வைத்துச் சோதிப்பதைவிட வீண் வேலை இல்லை. பெட்டியில் ஏறும்போது மாமா படியில் தடுமாறினார். புதுக் கண்ணாடியில் படி கிட்டத்தில் தெரிகிறது என்றார்.

இது யாரு?

வீட்டுக்கு வந்ததும் மாமா நேரே கூடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கயிற்றை அவிழ்த்து முறத்தை எடுத்தேன். சாயங்கால வெயில் தொட்டிக்குள் அடி வரை இறங்கியிருந்தது.

"எக்ஸ்பிரஸ் மேல ஓடறான். பாசஞ்சரு செடியாண்ட. கூட்ஸு அதோ மூலையில."

அதே பழைய பாட்டு. அன்றைக்கு வெறும் தொட்டிக்கு முன்னால் பாடியதும் இதைத்தான். என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒருத்தரும் ஒரு குறிப்பும் கொடுக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாமா பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டினார். நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"சரோஜா, இது யாரு?"

"எது மாமா?" என்றேன்.

"இந்தா, கண்ணாடியில ஒட்டிக்கினு தொங்குதே. சுண்டு வெரல் தண்டிக்கு. வாயி மட்டும் அசைஞ்சிக்கினே இருக்குது. இது நம்புளுது இல்லியே?"

விரலை நேரே அதன் மேல் வைத்தார். கல்லொட்டி மிரண்டு ஒரு சாண் தள்ளிப் போய் ஒட்டியது. விரலும் கூடவே போனது. மறுபடி நகர்ந்தது. விரலும் நகர்ந்தது. மாமா, இதற்கு கேங்மேன் என்று பெயர் வைக்கலாம், தண்டவாளம் பார்க்கிற மாதிரி அங்குலம் அங்குலமாகப் போகிறது என்றார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

அத்தை சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒளிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நைனா, ஆறு மணி வண்டிக்கு நேரமாச்சு."

மாமா திரும்பி மகனைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு, முகத்துக்கு நேராக.

"நீயும் வர்றியா?"

"இல்ல, எனக்கு வேலை கெடக்குது. ரோட்டாண்ட மட்டும் நின்னு பாத்து, நீங்களே போய்ட்டு வாங்க."

மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார். அவர் திருப்பத்தில் மறையும் வரை என் வீட்டுக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. முழு நாள் லீவு போட்டிருந்தார்.